அமராவதி ஆயாவின் குரல்

கடலூரில் ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் பதினேழு வருஷமாக இரவு வேலை பார்ப்பவர் அமராவதி ஆயா. ஒன்பது மணிக்குமேல் அங்கே சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. டிரிப்ஸ் ஸ்டாண்டின் சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார். எவர்சில்வர் டம்ளரை வெறும் தரையில் வைக்க விடமாட்டார், கீழே துண்டு விரித்திருக்க வேண்டும். துணைக்கு வந்தவர்களின் செல்போன்கூட அவரைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளும். தன் வார்டைப் போல ஜில்லாவிலேயே அமைதியான வார்டு கிடையாது என்று அடித்துச் சொல்வார்.

அவர் வீடு முதுநகரில், ரயில் பாதையை ஒட்டி. கூட்ஸ் வண்டி போகும்போதும் பேச்சை நிறுத்தாத குடும்பம். குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டால் அடுத்த தெருவிலிருந்து பதில் வரும். அந்த வீட்டில் யாருக்கும் அது சத்தமாகவே பட்டதில்லை.

தை மாதத்தில் நெல்லிக்குப்பத்திலிருந்து சின்னம்மாள் வந்து சேர்ந்தாள். கரும்பு வெட்டுகிறவள், பித்தப்பையில் கல். ரத்த அழுத்தம் இறங்காததால் ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போனது. மூன்று ராத்திரியாகப் பொட்டுத் தூக்கமில்லை.

"இந்தச் சத்தத்துல தூங்கவே முடியல, பிரஷர் எப்பிடி எறங்கும்? நாளைக்கும் எறங்கலன்னா ஊட்டுக்குப் போறேன் சிஸ்டர். வலியோடயே கெடந்துக்கிறேன்" என்று காலையில் இரவு டூட்டி நர்ஸ் ரேகாவிடம் சொல்லிவிட்டாள்.

வேலை முடிந்து கிளம்பிய அமராவதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எவ சத்தம் போடுறா, சொல்லும்மா. நான் பார்த்துக்கறேன்."

சின்னம்மாள் போர்வை நுனியைத் திருகினாள். "சொன்னா கோச்சிக்கக் கூடாது ஆயாம்மா. நீங்கதான். கண்ணு சொக்குற நேரத்துல 'யாரு அங்க பேசறது'ன்னு ஒரு கொரல் குடுக்குறீங்க. தூக்கிவாரிப் போடுது. அப்பறம் விடியற வரைக்கும் முழிப்புதான்."

அமராவதி ரேகாவைப் பார்த்தார். ரேகா மருந்துச் சீட்டைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தாள். இதற்குமேல் சாட்சி எதற்கு? வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்ன, பஸ் ஏறினார்.

அன்று இரவு சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். சின்னம்மாளின் கண்ணில் படாமலே வேலை பார்த்தார். அவளுடைய கட்டிலுக்கு மட்டும் ரேகாவை அனுப்பினார். தன் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு மறுபடி படபடப்பு வரும் என்ற பயம். மற்றக் கட்டில்களில் தண்ணீர், மாத்திரை, பாத்ரூம் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்து விளக்கை அணைத்தார். யாராவது பேசினால் பக்கத்தில் போய் இடுப்பில் கைவைத்து நின்றார். அதுவே போதுமானதாக இருந்தது. மருமகளைப் பற்றி போனில் ஆரம்பித்த ஒருத்தியைக் கையைப் பிடித்து வராந்தாவில் விட்டார். பன்னிரண்டு மணிக்கு யாரோ ஒரு தட்டைத் தள்ளிவிட்டார்கள். தொண்டை வரை வந்ததை முந்தானையைக் கடித்து அடக்கினார். சின்னம்மாள் புரண்டு படுத்தாள். அமராவதி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்றார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

காலையில் ரேகா அழுத்தம் பார்த்தாள். இறங்கியிருந்தது. தியேட்டருக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் வந்தபோது, வேலை நேரம் முடிந்திருந்தும் அமராவதியே தள்ள வந்தார். சின்னம்மாள் அவரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சிப்போட்ட மாதிரி தூங்கிட்டேன் ஆயாம்மா. நான் சொன்னதுக்குக் கோச்சிக்கிட்டு நேத்து டூட்டிக்கு வராம இருந்துட்டீங்களா?"

அமராவதிக்கு உச்சி குளிர்ந்துபோனது. பதினேழு வருஷத்தில் இப்படி ஒரு நற்சான்றிதழ் அவருக்கு யாரும் தந்ததில்லை.

"ஆமாம்மா, நேத்து லீவு" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.