இசக்கி வைத்த பரீட்சை

போன ஞாயிறு செம்பூரில் ஒரு பரீட்சைக்குப் போயிருந்தேன். எழுத அல்ல, வேடிக்கை பார்க்க!

என் மாதுங்கா சிநேகிதி சுதா அங்கே சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறாள். பெஞ்ச் கிடையாது, ராங்க் கிடையாது, யூனிபார்ம் கிடையவே கிடையாது. எந்தக் குழந்தைக்கு எது பிடிக்கிறதோ — டோலக்கோ, களிமண்ணோ, கத்தரியோ — அதை வைத்தே கணக்கும் சயின்ஸும். பரீட்சையில் கேள்வி கேட்பது அப்பா, அம்மா. பதிலைக் குழந்தை ஆடலாம், பாடலாம், வரையலாம்... ஆசைப்பட்டால் எழுதவும் செய்யலாம்.

"இதெல்லாம் ஒரு பரீட்சையாடி?" என்றேன்.

"வந்துதான் பாரேன். வடை உண்டு."

போனேன்.

முதலில் ஒரு பேங்க் மேனேஜர் அப்பா. "மழை எப்படிடா வருது?" என்றார். பையன் கடலாகப் புரண்டான், மேகமாக எழுந்தான், தகர டப்பாவைத் தட்டி மழையாகக் கொட்டினான். கடைசியில் நடு ஹாலில் அசையாமல் நின்றுவிட்டான். "மறந்துடுத்தாடா?" என்றார் அப்பா.

"இல்லேப்பா, மழையிலே ட்ரெயின் குர்லா ஸ்டேஷன்லே நின்னுடுத்து!"

அப்பாதான் முதலில் கை தட்டினார். வருஷா வருஷம் அங்கே மாட்டிக்கொள்கிறவர் ஆயிற்றே!

அடுத்து இன்னொரு அப்பா, இசக்கி. தாராவியில் தோல் பர்ஸ் பட்டறையில் கட்டிங் வேலை. மகள் செல்விக்கு ஒன்பது வயது. கத்தரி கிடைத்தால் சோறு வேண்டாம் அவளுக்கு. ஆனால் இசக்கிக்கு இந்தப் பள்ளிக்கூடமே பிடிக்கவில்லை. ஜூனில் வீட்டுப் பக்கம் ஒரு 'ஒழுங்கான' ஸ்கூலில் போடப்போவதாகச் சொல்லிவிட்டார். அந்த ஸ்கூலின் நீல யூனிபார்ம் துணி, மனைவி பேச்சியின் மடியில் ஒரு பைக்குள் இருந்தது. பரீட்சை முடிந்ததும் நேரே டெய்லர் கடை. செல்வி அந்தப் பையின் பக்கமே திரும்பவில்லை. எனக்கு வடை இறங்கவில்லை.

இசக்கி பாடத்திலிருந்து எதையும் கேட்கவில்லை. தரையில் பெரிய பேப்பரை விரித்தார். சட்டைப் பையிலிருந்து பர்ஸ் அளவு அட்டையை எடுத்தார்.

"ஏட்டி, இதுதான் தோலுன்னு வச்சுக்கோ. வேஸ்ட் ஆகாம பர்ஸ் வெட்டு, பாப்பம்."

செல்வி குப்புறப் படுத்தாள். அட்டையை வைத்தாள், திருப்பினாள், இடம் விழுந்த மூலைகளில் எல்லாம் கோணலாகச் செருகினாள். வெட்டி முடித்தபோது மிச்சம் ஒரு கைப்பிடிக் குப்பைதான்.

இசக்கி சொன்னார்: "தப்பு."

செல்வி விடவில்லை.

"எது தப்பு? வேஸ்ட்டே ஆவலல்லா!"

"கோணலா வெட்டுனா பர்ஸ் இழுபட்டுப் போயிரும்."

"எங்க இழுபடுது?" ஒரு துண்டை இழுத்துக் காட்டினாள். கிழிந்தது.

"பேப்பர்ல தெரியாதுட்டி..."

"அப்போ தெரியிறதுல காட்டுங்கப்பா!"

தோலுக்கு எங்கே போவது? இசக்கி சுற்றுமுற்றும் பார்த்தார். பேச்சியின் மடியிலிருந்த பையைப் பிடுங்கினார், துணியை உதறி விரித்தார்.

"நேரா இழு. நீண்டு வருதா? வரல. இப்பம் கோணலா இழு."

"வருது! வருது!"

"இதுல பர்ஸ் தச்சா?"

"வாயப் பொளந்துரும்!"

"அதான்! இந்தா, நேரா ஒண்ணு, கோணலா ஒண்ணு வெட்டிக் காட்டுதேன்" என்று கத்தரியை வாங்கி, கரகரவென்று...

"ஏங்க! யூனிபார்ம் துணில்லா அது!" என்று பேச்சி அலறினார்.

கத்தரி நின்றது. இசக்கி துணியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் அடுத்த துண்டுக்கு அட்டையை நேராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பாதி வெட்டியாச்சு. மிச்சத்த வச்சு என்ன செய்ய?" என்றார். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, "இவ இங்கனயே படிக்கட்டும் டீச்சர். ஞாயித்துக்கெழம பட்டற லீவு, வெட்டச் சொல்லிக்குடுக்க நானும் வாரேன்."

சுதா என் கையைப் பிடித்து நசுக்கினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர். சிரித்துச் சிரித்துத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

'இன்னிக்கு என்ன படிச்சே?' என்று பிள்ளைகளை தினமும் கேட்கிறோம். அவர்களோடு தரையில் உட்கார்ந்து சண்டை போட்டு எத்தனை நாளாயிற்று?

நேற்று சுதா போன் செய்தாள். அந்தத் துணி முழுவதையும் அப்பாவும் மகளும் வெட்டித் தைத்து, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார்களாம். யூனிபார்மே கூடாது என்ற பள்ளிக்கூடத்தில் இப்போது எல்லாக் குழந்தைகள் கையிலும்... ஒரே மாதிரி நீலப் பர்ஸ்!