எங்கள் லயத்துச் சாமியார்

அம்மாவின் குரலுக்குச் சுவர் கிடையாது என்று அப்பா சொல்வார். அந்தப் பெருமையில் பாதி அம்மாவுக்குச் சேரும். மீதி, எங்கள் லயத்தைக் கட்டிய ஏதோ ஒரு பழைய துரைக்குச் சேரும். மலாயாவில், சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். தோட்டத்து ஆட்களுக்கென்று ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய அந்த லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த பலகைத் தடுப்பு ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரைக்கும் வெறும் வெளிதான். துரை பலகையை மிச்சம் பிடித்த புண்ணியத்தில், முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டிலிருந்து 'நூறு வயசு' என்று பதில் வரும். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அங்கே பொதுச்சொத்துதான்.

அம்மா மலாக்கா பட்டணத்தில், தெங்கேரா பக்கம், கன்னியாஸ்திரீகளின் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். இங்கிலீஷில் ஏசினார்கள், தமிழில் ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பாள். அதனால் தமிழ் நன்றாக வாசிப்பாள்; இங்கிலீஷ் பேச வராவிட்டாலும் காதில் விழுந்தால் புரிந்துகொள்வாள். கல்யாணத்தன்று அவர்கள் அவளுக்குக் கொடுத்த சீர் ஒரு புத்தகம். எங்கோ குளிர்தேசத்து மடத்தில் வாழ்ந்த ஒரு துறவி நாள்தோறும் நாட்குறிப்பு எழுதினாராம். அவர் இறந்த பிறகு, அதிலிருந்து ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு துண்டைப் பொறுக்கித் தியானப் புத்தகமாக்கி, அதைத் தமிழ்நாட்டில் யாரோ தமிழிலும் அச்சிட்டிருந்தார்கள். மேலே தேதி, கீழே ஒரு பக்கம். மாலையில் ஜெபமாலை முடிந்ததும் அம்மா அன்றைய பக்கத்தை உரக்க வாசிப்பாள். நாளைய பக்கத்தை இன்றைக்குத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்பது அவள் சட்டம். நாளைக்கான கிருபையை இன்றைக்கே தின்றுவிட்டால் நாளைக்குப் பட்டினி கிடக்க வேண்டும் என்பாள்.

எழுத்தறியாத அப்பா மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். விளக்கைக் கீழே வைத்தாலும் வெளிச்சம் போதும். ஆனாலும் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்.

அந்தத் துறவி பெரிய தத்துவமெல்லாம் பேசமாட்டார். உருளைக்கிழங்கு உரித்ததை எழுதுவார். கோவிலில் குறட்டை விடும் சகோதரர் மேல் வந்த கோபத்தை எழுதி, 'ஆண்டவரே, இந்தக் குறட்டையை எனக்குத் தண்டனையாகத் தந்தீரா, பாடமாகத் தந்தீரா' என்று கேட்பார். கூரை ஒழுகிப் படுக்கை நனைந்ததையும் எழுதுவார். எங்கள் லயத்தில் எல்லார் வீட்டுக் கூரையும் ஒழுகியது. அதனால் அவரை எல்லாருக்கும் பிடித்துப்போனது.

பிறகு, காட்டுக்குள் இருந்து சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். மாலையில் வாசலைப் பூட்டிவிடுவார்கள். அதன்பின் யாரும் வீட்டைவிட்டு வெளியே தலைகாட்டக் கூடாது. காலையில் பால்மரம் சீவப் போகிறவர்களின் துணிமூட்டையை வாசலில் அவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒரு கைப்பிடிச் சோறு இருந்தாலும், காட்டுக்குள் இருக்கும் ஆட்களுக்குக் கொண்டு போகிறாயா என்று கேள்வி வரும். அப்படி அகப்பட்டவர்களைச் சிறையில் போட்டார்கள். சிலரைக் குடும்பத்தோடு கப்பலேற்றி, அவர்கள் கண்ணால்கூடப் பார்த்திராத இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பட்டணத்திலிருந்து மாதம் ஒருமுறை பூசை வைக்க வந்த பங்குச் சாமியும் வருவது நின்றது.

ஆக, மாலையானால் லயம் முழுக்க அடைபட்டுக் கிடக்கும். கேட்பதற்கு இருந்ததெல்லாம் அம்மாவின் குரல்தான். லயத்தில் வேதக்காரர்கள் நாங்கள் மட்டும்தான். மற்ற எல்லாரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர்களும் சோற்றுத்தட்டோடு காது கொடுத்தார்கள். துறவிக்குப் பல்வலி வந்த பக்கத்தை அம்மா வாசித்து முடித்த மறுநாள், பக்கத்து வீட்டு அத்தை தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்:

"அண்ணி, சாமியாருக்குப் பல்லுவலி எறங்கிருச்சா?"

அம்மா திகைத்துப்போனாள். சற்றுமுன் வாசித்த அன்றைய பக்கம் துறவி வேறொரு வருஷத்தில் எழுதியது. அதில் பனி பெய்துகொண்டிருந்தது, பல்லைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

"அதப் பத்தி ஒண்ணும் எழுதலியே, அண்ணி."

"பாவம் லா. வலியில எப்படி எழுதுவாரு? கிராம்பு வச்சுக் கடிக்கச் சொல்லுங்க."

செத்துப்போன மனிதருக்கு எப்படிக் கிராம்பு கொடுப்பது என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. அத்தையோ அந்த வெள்ளிக்கிழமை அவருடைய பல்லுக்காக மாரியம்மனுக்குச் சூடம் ஏற்றிவிட்டே வந்தார். அன்றிலிருந்து சாமியார் எங்கள் லயத்து ஆளாகிவிட்டார். தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பற்றித்தான் பேச்சு. சாமியார் சாப்பிட்டாரா, சமையற்காரரோடு சண்டை தீர்ந்ததா, கூரையை மாற்றினார்களா என்று கேட்பார்கள். நான் வாளியோடு போனால், சாமியார் வீட்டுப் பிள்ளை என்று வழிவிடுவார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகளுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை. தலைகால் புரியாமல்தான் நடந்தேன்.

ஒரு மாலை அம்மா வாசித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். முன்கூட்டிப் பார்க்காத வழக்கம் அன்று அவளை மாட்டிவிட்டது. 'நேற்று இரவு ஒருவன் சமையலறைக் கதவைத் தட்டினான். மடத்து ஒழுங்கின்படி நான் திறந்திருக்கக் கூடாது. திறந்தேன்' என்பது வரை வாசித்திருந்தாள். அடுத்த வரிகளை அவள் கண் பார்த்துவிட்டது. லயம் முழுவதும் கரண்டிச் சத்தம்கூட இல்லாமல் காத்திருந்தது. அப்பா விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"படி, புள்ள. அவரு எழுதினதத்தானே படிக்கிற."

அம்மா வாசித்தாள். 'அவன் யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுக்காமல் இருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். என் பங்கு ரொட்டியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, பசியோடு படுத்தேன். ஆண்டவரே, என் வாழ்நாளில் நான் நன்றாகத் தூங்கிய இரவு அது.'

அன்று லயத்தில் விளக்குகள் சீக்கிரமே அணைந்தன. ஆனால் மறுநாள் குழாயடியில் வாய் சும்மா இருக்குமா? சாமியார் செய்தது தர்மம்தான், ஆனால் மாட்டிக்கொண்டால் என்ன கதி என்று தணிந்த குரலில் கவலைப்பட்டார்கள். வேலியோரம் காவலுக்குப் புதிதாக வந்திருந்த போலீஸ்காரருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. ராத்திரியில் யாரோ கதவைத் தட்டினான், சாமியார் ரொட்டி கொடுத்தார் என்பது அவர் காதில் விழுந்தது. அவர் தன் வேலையைச் செய்தார்.

அடுத்த காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் திடலில் போலீஸ் லாரிகள் நின்றன. எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கேள்வி கேட்க, பட்டணத்திலிருந்து கூட்டி வந்திருந்த தமிழர் ஒருவர் அதை மொழிபெயர்த்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனப் பொட்டு, மெலிந்த உடம்பு. பார்க்கப் பள்ளிக்கூட வாத்தியார் போல இருந்தார்.

"சாமியாரத் தெரியுமா?" என்று அவர் ஒவ்வொருவராகக் கேட்டார்.

எங்கள் ஆட்களுக்குப் பொய் சொல்லும் அவசியம் தோன்றவில்லை. தெரியும் என்றார்கள். நல்ல மனுஷன், கொஞ்சம் முன்கோபி, பல் சரியில்லை, கிழங்கு நன்றாக உரிப்பார் என்று அங்க அடையாளமும் சொன்னார்கள். அதிகாரியின் முகம் சிவந்துகொண்டே வந்தது. இத்தனை பேருக்குத் தெரிந்த ஓர் ஆளை இத்தனை நாள் பிடிக்காமல் விட்டிருக்கிறோமே என்று நினைத்திருப்பார். கடைசி வீட்டு மாமாவிடம், அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார்கள். மாமா உதவி செய்கிற நல்லெண்ணத்தோடு எங்கள் வீட்டைக் கைகாட்டினார்.

"அந்தா, அந்த வீட்டுலதான் இருக்காரு. சாயங்காலம் ஆனா பேசுவாரு."

துப்பாக்கியோடு போய் எங்கள் வீட்டைப் புரட்டினார்கள். அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள், கட்டிலுக்கடியில் குத்திப் பார்த்தார்கள். சாமியார் அகப்படவில்லை. அம்மாவை முன்னால் கூப்பிட்டார்கள். லாரியின் பின்கதவு அவளுக்காகத் திறந்தே இருந்தது. அப்பா தம்பிப் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, என் கையை வலிக்கிற மாதிரி பிடித்திருந்தார். அம்மாவை ஏற்றிக்கொண்டு போனால் கப்பல் வரைக்கும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கோ நெஞ்செல்லாம் பெருமை. தோட்டத்தில் யார் வீட்டு விருந்தாளிக்காக இத்தனை லாரி வந்திருக்கிறது?

அம்மா மாடத்திலிருந்து புத்தகத்தை எடுத்துவரச் செய்து அதிகாரியிடம் நீட்டினாள்.

"இவருதான் சாமியார். செத்து ரொம்ப நாளாச்சுங்க."

திடலில் பக்கத்து வீட்டு அத்தை மட்டும் 'ஐயோ' என்று வாயில் கை வைத்துக்கொண்டார். அதுவரை அவருக்கு அந்தச் செய்தி தெரியாது.

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் தேதி இருப்பதைப் பார்த்ததும் அவர் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. தினம் ஒரு தேதி, தினம் ஒரு சேதி, ஊரடங்கு நேரத்தில் வேலிக்கு வெளியே கேட்கிற குரலில் ஒரு பெண் வாசிக்கிறாள். காட்டுக்குத் தகவல் சொல்ல இதைவிட நல்ல வழி இருக்காது என்று எண்ணினார் போலிருக்கிறது. கதவைத் தட்டியவன் வருகிற பக்கத்தை இங்கேயே வாசிக்கச் சொல் என்றார். அதில் தப்பாக ஏதாவது இருந்தால் லாரி.

மொழிபெயர்ப்பவர் அந்தப் பக்கத்தை எடுத்து அம்மாவிடம் கொடுப்பதற்கு முன் தானே ஒருமுறை பார்த்தார். கொடுக்கும்போது தணிந்த குரலில், "அக்கா, ரொட்டி வர்ற எடத்த விட்டுட்டுப் படிங்க," என்றார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு எழுதினத நான் எப்படி விடறது, தம்பி?"

அம்மா வாசிப்பதை அதுவரை லயத்து ஜனங்கள் கேட்டிருக்கிறார்களே ஒழியப் பார்த்ததில்லை. காலை வெயிலில், சாயம்போன புடவையில், ரப்பர் பால் கறை படிந்த விரல்களால் புத்தகத்தைப் பிடித்து நின்றாள். மாலையில் வாசிக்கும் அதே குரல்தான், ஒரு இழைகூட இறங்கவில்லை. கதவு தட்டியதை வாசித்தாள். திறந்ததை வாசித்தாள். யாரென்று கேட்காததை வாசித்தாள். ரொட்டியைக் கொடுத்ததையும், நன்றாகத் தூங்கியதையும் வாசித்தாள். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து வரிசையில் நின்ற ஆண்கள் எல்லாரும் அவிழ்த்தார்கள். அந்த வயதில் என்னிடம் அதற்குச் சொல் இல்லை. இப்போது சொல்கிறேன்: என் அம்மாவைப் போல ஒருத்தியை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

அவள் முடித்ததும் எல்லாரும் மொழிபெயர்ப்பவரைப் பார்த்தார்கள். அவர் சட்டைக் கழுத்தைத் தொட்டுக்கொண்டு, இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். அதிகாரி இன்னும் ஏதோ கேட்டார். இவர் இன்னும் நாலு வார்த்தை சொன்னார். அதிகாரி சலிப்போடு புத்தகத்தை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். இனிமேல் மெதுவாக வாசிக்க வேண்டும் என்று எச்சரித்துவிட்டு லாரியில் ஏறினார். வெள்ளைச் சட்டைக்காரரும் பின்னால் ஏறிக்கொண்டார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் பல வருஷம் அது எங்கள் வீட்டுச் சிரிப்பாக இருந்தது. விருந்தாளி வந்தால் அப்பா நடித்தே காட்டுவார். "எம் பொண்டாட்டி படிச்சது ஒரு பக்கம். அந்தத் தம்பி சொன்னது நாலே வார்த்தை. பட்டணத்துப் படிப்பு அவ்வளவுதான் லா. நம்ம தமிழ் அவன் இங்கிலீஷுக்குள்ள அடங்கல." நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன். அம்மாவின் தமிழுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒரு மனிதர் திணறினார் என்பது எனக்குத் தித்திப்பாக இருந்தது. அம்மா மட்டும் அந்த நேரத்தில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

நான் வளர்ந்து மலாக்காவில் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, பிடித்த தமிழ்ப் பகுதி ஒன்றை இங்கிலீஷில் எழுதி வரச் சொன்னார்கள். நான் வேறெதைத் தேடப் போகிறேன்? அந்தப் பக்கத்தை எழுதினேன். கடினமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. கதவு, ரொட்டி, பசி, தூக்கம், எல்லாம் சின்ன வகுப்பு இங்கிலீஷ். எழுதி முடித்தபோது தாள் நிரம்பியிருந்தது. அப்படியானால் அவர் சொன்ன அந்த நாலு வார்த்தை என்ன என்று அப்போதுதான் யோசித்தேன்.

விடுமுறைக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்று அவளுக்கு அன்றே புரிந்திருந்தது. துறவி இரவில் விழித்திருந்து ஜெபம் செய்தார், நல்ல புத்தகம் ஐயா என்றாராம். தட்டியவன் எங்கே என்று அதிகாரி கேட்டதற்கு, காவல்காரர் காதில் தப்பாக விழுந்திருக்கும் என்றாராம். கதவும் இல்லை, தட்டியவனும் இல்லை, ரொட்டியும் இல்லை. அதிகாரி வேறொரு தமிழரைக் கூப்பிட்டுச் சரிபார்த்திருந்தால், அந்த லாரியில் அம்மாவோடு அவரும் கைதியாகப் போயிருப்பார். பேர் என்னவென்றுகூட எங்களுக்குத் தெரியாது. அப்பாவிடம் சொன்னால் பெருமையில் ஊரெல்லாம் சொல்லி அவரைக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்றுதான் அம்மா வாய் திறக்கவில்லை.

ஆனால் அந்த நாளிலிருந்து ஒவ்வொரு மாலையும், ஜெபமாலை முடிவில், அந்த வெள்ளைச் சட்டைத் தம்பிக்காக என்று சொல்லி அம்மா ஒரு அருள்நிறை மந்திரம் கூடுதலாகச் சொல்வாள். நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கூடவே மனமுருகிச் சொல்வேன். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறோம் என்று அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.