பயந்த முகம்

அலுவலகத்தில் எல்லோரும் அவரை மசி என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு தேய்த்தாலும் விரல் இடுக்கில் மைக் கறுப்பு போகாது. பதினெட்டு வருடமாகச் சித்திரக்கதைப் புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைகிறவர். முதலில் தீப்பெட்டி அளவில் நாலைந்து படம் கிறுக்குவார். ஆசிரியர் விரல் வைத்ததைப் பெரிய தாளில் பென்சிலால் வளர்ப்பார். மேலே தலைப்புக்கு நாலு விரற்கடை இடம் விடுவார். பிறகு மை, கடைசியில் வண்ணம்.

அந்த மாத அட்டைக்கு, கிணற்றுக்குள் பேயைப் பார்த்துவிட்ட பெண். மூன்று தடவை வரைந்து கொண்டுபோனார். மூன்றையும் ஆசிரியர் தள்ளிவிட்டார்.

"என்ன மசி, பேயைப் பார்த்தவ மாதிரியா இருக்கா? பஸ்ஸை விட்டவ மாதிரி இருக்கா. நாளைக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

வீட்டில் மனைவியைச் சன்னலோரம் உட்காரவைத்தார். அவள் கண்ணை உருட்டினாள். உருட்டி உருட்டிச் சிரித்துவிட்டாள். "எனக்கு நடிக்க வராதுங்க."

அவர் அடுத்த அறைக்குப் போய், போனில் பேசுவதுபோல் நாலு வார்த்தை முணுமுணுத்துவிட்டுத் திரும்பினார். பென்சில் கையிலேயே இருந்தது.

"உன் அண்ணன் லாரியில அடிபட்டுட்டாராம். உயிர் இல்லையாம்."

அந்த முகம் வந்தது. வாய் பாதி திறந்து, ஒரு கண் மற்றதைவிடச் சிறுத்து. எழப் போனவள் நாற்காலியைப் பற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். வரைந்து முடிக்க நாலு நிமிடம் ஆனது. அதற்குப் பிறகுதான், "சும்மா சொன்னேன், அவர் நல்லாத்தான் இருக்காரு" என்றார்.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்டாள். "ஒண்ணுமில்லண்ணா, சும்மாதான்" என்று வைத்துவிட்டாள்.

புத்தகம் சுடச்சுட விற்றது. ஆசிரியர் முதுகில் தட்டி, "அடுத்த மாசம் அழுற பொண்ணு" என்றார்.

மசி நாற்காலியைச் சன்னலோரம் இழுத்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை யாரைச் சாகடிக்கப் போறீங்க?"

"விளையாட்டுக்குப் பண்ணினதை இன்னுமா நெஞ்சுல வெச்சிருக்கே?"

மடித்த துணியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அன்றே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் பழைய படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து நகலெடுத்து, உதட்டோரத்தைக் கீழே இழுத்து, கண்ணீர் சேர்த்தார். "பிரமாதம்" என்றார் ஆசிரியர். அப்படியே ஒன்பது அட்டைகள்.

கடைசியில் மைத்துனரே அலுவலகத்துக்கு வந்து நின்றார். "கடைக்குக் கடை என் தங்கச்சி மூஞ்சி தொங்குது. அவ வெளியிலயே வரமாட்டேங்கறா. விட்டுடுங்க மாப்ள."

மசி தலை நிமிரவில்லை. "மூஞ்சி அவளோடது. கோடு என்னோடது" என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."