சோள இலையும் மஞ்சள் காகிதமும்

போன வாரம் திருச்சுழிக்குப் பக்கத்தில் என் தாய்மாமாவின் உழவு மாடுகள் இரண்டும் ஒரே மத்தியானத்தில் செத்து விழுந்தன. காலையில் நன்றாக நடந்துபோன மாடுகள்! வாயில் நுரை, கொஞ்ச நேரம் காலை உதைத்தது... அவ்வளவுதான்.

தகவல் வந்ததும் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினோம் — நானும், லீவுக்கு வந்திருந்த என் தங்கை சௌந்தரமும். யுத்தம் வந்ததிலிருந்து பஸ் கரியில் ஓடுகிறது. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.

சௌந்தரம் மதராஸில் பயோகெமிஸ்ட்ரி படிக்கிறாள். அப்படியென்றால்? உயிருள்ளவற்றுக்குள்ளே நடக்கும் ரசாயனம். தின்ற சோறு உடம்பில் என்ன ஆகிறது, எந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வருகிறது — இதெல்லாம். படித்து முடித்தால் ஆஸ்பத்திரி லாபரட்டரிக்குப் போகலாம், மருந்துக் கம்பெனிக்குப் போகலாம், ஆராய்ச்சி செய்யலாம். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடேசியில டாக்டரா, கம்பவுண்டரா?" என்பார்கள் எங்கள் ஊரில்.

மாமா வீட்டு வாசலில் ஒரே கூட்டம். பக்கத்துக் காட்டுக்காரர் வேலுச்சாமியோடு மாமாவுக்கு வரப்புத் தகராறு உண்டு. விஷம் வைத்தது அவர்தான் என்று மாமா முடிவே கட்டிவிட்டார். மூத்த மகன் கையில் அரிவாள்.

மாடுகள் எங்கே மேய்ந்தன என்று கேட்டாள் சௌந்தரம். மழையில்லாமல் வாடிய சொந்தச் சோளக்காட்டில்தானாம். இனிக் கதிர் வராது என்று மாமாவே அவிழ்த்து விட்டிருக்கிறார். இளஞ்சோளம் மாட்டுக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இது இடுப்பளவு வளர்ந்த பயிராயிற்றே!

"பாத்துருவோம் மாமா. அதுவரைக்கும் யாரும் எங்கயும் போகவேணாம்" என்றாள்.

திருச்சுழி ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்குப் போடும் பிக்ரிக் ஆசிட் இருந்தது. சைக்கிளில் போய் வாங்கி வந்தேன். அதில் சலவைச் சோடாவைக் கலந்து, மையொற்றும் தாளை நனைத்தாள். பளிச்சென்று மஞ்சள். ஒரு பாட்டிலில் மாடு மேய்ந்த காட்டிலிருந்து பறித்துக் கசக்கிய சோள இலை, இன்னொன்றில் ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பு இலை. இரண்டிலும் ஒரு துண்டு மஞ்சள் தாளைத் தொங்கவிட்டு, மூடி வெயிலில் வைத்தாள். சோளத்தில் விஷம் இருந்தால் தாள் சிவக்குமாம்.

வேலுச்சாமிக்கும் ஆள் போயிற்று. வந்து தள்ளியே நின்றார்.

காத்திருந்தோம்... கம்புத் தாள் மஞ்சளாகவே இருந்தது. சோளத் தாள் ஆரஞ்சாகி, மெல்ல மெல்லச் செங்கல் நிறத்துக்கு வந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இலையிலதான் மாமா வெசம். தண்ணியில்லாம வாடுனா சோளத்துல இது ஏறிரும்."

மகன் அரிவாளை உள்ளே கொண்டுபோய் வைத்தான். மாமா வேலுச்சாமியிடம் போனார்.

"தப்பா நெனச்சுட்டேன்ப்பா."

"மாடு போச்சேன்னுதான் எனக்கும் இருக்குண்ணே. உழவுக்கு என் மாட்டப் பூட்டிக்கங்க."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வாடின பயிர் மழை பெய்தால் சரியாகிவிடுமா, எத்தனை நாள் கழித்து மாட்டை விடலாம் என்று சௌந்தரத்திடம் கேட்டார்.

"தெரியல மாமா. எங்க புரொபசர்ட்ட கேட்டு, இதையே என் ஆராய்ச்சியா எடுக்கப்போறேன்."

தெரியல என்பதை ஒருவர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.