மேற்கு வரிசைச் செம்பருத்தி

எனக்குச் சந்தேகம் கூடப் பொறந்த வியாதி. மீன்காரன் கட்டி வெச்ச கொத்துல மேல இருக்கிற மீனை நம்ப மாட்டேன், நடுவுல இருக்கிறதோட செவுளைத் தூக்கிப் பாப்பேன். கோயில்ல போதகர் கண்ணை மூடி ஜெபம் பண்றப்ப, வேற யாரு கண்ணைத் திறந்து வெச்சிருக்காங்கன்னு ஒரு கண்ணால பாத்துக்கிட்டு இருப்பேன். என் புருஷன் ஃபெலேதி சொல்வார், "உன்னைப் பரலோகத்துல சேத்தாலும் தாழ்ப்பாளை ஆட்டிப் பாத்துட்டுத்தான்டி உள்ள போவே"ன்னு. அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து வீடா அமைஞ்சது லவீனியாவோட தலையெழுத்து.

லவீனியா என் புருஷனுக்கு மாமன் மக. எங்க தொங்கா கணக்குல மாமன் மகள்னா கூடப் பொறந்த தங்கச்சிதான், கட்டிக்கிற பேச்சுக்கே இடமில்ல. தங்கச்சின்னா அதுக்கு உண்டான மரியாதையும் உண்டு. அவ எங்க வீட்டுப் படி ஏறினா இவர் பின்வாசல் வழியா இறங்கிடுவார். அண்ணன் காதுல விழுற மாதிரி பொம்பள உடம்பைப் பத்தியோ பிள்ளைப்பேறைப் பத்தியோ தங்கச்சி வாயைத் திறக்கக் கூடாது. ரேடியோவுல அந்தப் பேச்சு வந்தாக்கூட யாராவது ஒருத்தர் எந்திரிச்சுப் போயிடணும். நான் வாவாவு தீவுல இருந்து இந்த ஊருக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. அன்னிலேர்ந்து ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் தூது. "அண்ணி, மழை வருது, கிழங்கை எடுக்கச் சொல்லுங்க அண்ணன்கிட்ட"ம்பா அவ. "எனக்கே தெரியும்னு சொல்லு"ம்பார் இவர், பத்தடி தூரத்துல நின்னுக்கிட்டு.

ஆள் ஒல்லி, அம்பது வயசு, குரல் வெளிய வராது. புருஷன் ஆக்லாந்துக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். பிள்ளை குட்டி இல்ல. அவகிட்ட இருந்ததெல்லாம் பதினெட்டு செம்பருத்திச் செடி. டவுன்ல விக்கிற, தட்டு அகலத்துக்கு மஞ்சளும் ரோஸுமா பூக்கிற ஒட்டுச்செடி இல்ல, நாட்டுச் சிவப்பு. விரல் பருமன் கொம்பா பாத்து ஒரு சாண் நறுக்கி, சாய்ச்சு நட்டு, தென்னமட்டையை நிழலுக்குச் சாத்தி வெப்பா. அடியில பன்னி எரு. மாவுப்பூச்சி விழுந்தா சோப்புத் தண்ணியால இலை இலையா கழுவுவா. எரிமலைச் சாம்பல் கொட்டின வருஷம் ஊரே பாட்டில் தண்ணிக்கு வரிசையில நின்னுச்சு. இவ கோழி இறகை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு இலையா சாம்பலைத் தட்டிக்கிட்டு இருந்தா. ஊர்ல இருந்த நாட்டுச் செம்பருத்தி எல்லாம் கருகிப்போச்சு, இவளோடது மட்டும் பொழைச்சுது.

அதனால எல்லாரும் இவ வாசல்ல. பிள்ளை பெத்து வந்தவளுக்கு அடிவயிறு இழுத்துப் பிடிச்சா லவீனியா. குழந்தைக்கு வாயில புண்ணு வந்தா லவீனியா. கட்டி பழுக்கலையா, மொட்டை அரைச்சுப் பத்து போட லவீனியா. சூரியன் எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி கிழக்கே பாத்த கிளையில கொழுந்து இலை பறிச்சு, மழைத்தண்ணியில கசக்குவா. வெண்டைக்கா மாதிரி வழவழன்னு வரும். தேங்காநார்ல வடிச்சு, முதல் வாய் தான் குடிச்சுட்டுத்தான் கொடுப்பா. மருந்து நடக்கிறப்ப யாரும் நன்றி சொல்லக் கூடாது, சொன்னா மருந்து போயிடும். குணமானப்புறம் பாயோ கிழங்கோ கொண்டு வந்து வெச்சுட்டுப் போவாங்க. "அஞ்சு நாள். அஞ்சு நாள்ல கேக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும், என் மூஞ்சியில முழிக்காதீங்க"ன்னு கறாரா சொல்லிடுவா.

இவ்வளவு நல்லவளைச் சந்தேகப்பட என்ன இருக்குன்னு கேப்பீங்க. எனக்கு இருந்துச்சு. பதினெட்டு செடியில பதினாலுதான் மருந்துக்கு. மேற்கால, எங்க எல்லையை ஒட்டி நாலு செடி நின்னுச்சு. அதுல ஒரு இலையைப் பறிச்சு நான் பாத்ததில்ல. நட்ட நடுப்பகல்ல ஒரு பிள்ளைக்காரி அழுதுக்கிட்டு வந்து, கிட்டக்க இருக்கேன்னு அதுல கையை வெச்சப்ப, லவீனியா ஓடிவந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டா. அதுங்க அடியில மட்டும் சருகு முழங்காலுக்குக் குவிச்சிருப்பா. சனிக்கிழமை சாயங்காலம் சின்ன பாட்டில்ல தேங்கா எண்ணெய் எடுத்துக்கிட்டுப் போய், அந்தச் சருகுக்குள்ள கையை விட்டு என்னமோ பண்ணுவா. நான் வேலி ஓரம் துணி காயப்போடற மாதிரி நின்னா எந்திரிச்சுடுவா. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?

அந்த நாலு செடிக்கு எட்டடி தூரத்துல, எல்லைக்கு எங்க பக்கம், என் மாமியார் வீக்காவோட சமாதி. செத்து எட்டு வருஷம்.

போன வருஷம் ஃபெலேதிக்குத் தலைவலி ஆரம்பிச்சுது. காலையில பின்மண்டையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிப்பார். தலைவலியும் வயித்துவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. அவர் படற பாட்டைப் பாத்து எனக்கும் தெரிஞ்சுது. கண்ணாடி போட்டுப் பாத்தோம், மாத்திரை முழுங்கிப் பாத்தோம். ஒருநாள் தோட்டத்துல தலை சுத்தி விழுந்துட்டார். அன்னிக்கு ராத்திரியெல்லாம் அவர் மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். இந்த மனுஷன் போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா?

லவீனியா சும்மா இருந்திருக்கலாம். வேலிக்கு வந்து கேள்வி மேல கேள்வி. "அண்ணனுக்கு மூக்குல ரத்தம் வருதா அண்ணி? கண்ணு மங்குதா? உப்புக்கறி நிறைய தின்றாரா?"

"நீ எதுக்கு இவ்வளவு கேக்கறே?"

"இதுக்கு என் இலை ஆகாது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் பிரஷர் பாருங்க."

ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவ, சொந்த அண்ணனுக்கு மட்டும் ஆகாதுங்கறா. டவுனுக்கு விரட்டறா. எனக்குப் பொறி தட்டுச்சு.

செத்தவங்க எலும்புல வேர் நுழைஞ்சா உயிரோட இருக்கிற பிள்ளைக்கு வலிக்கும். இது ஊரறிஞ்ச விஷயம். எங்கப்பா ரெண்டு வருஷம் முழங்காலைத் தூக்க முடியாம கிடந்தார். தாத்தா குழியைத் திறந்து பாத்தா முழங்கால் எலும்பைச் சுத்தி பூவரச வேர். எடுத்துத் துடைச்சு, எண்ணெய் தடவி, புதுத் துணியில சுத்தி வெச்சாங்க. அடுத்த வாரம் அப்பா படகு தள்ளினார். என் கண்ணால பாத்தது. அப்ப மாமியார் மண்டையில செம்பருத்தி வேர் நுழைஞ்சிருந்தா மகன் தலை வெடிக்காதா? அது இவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சருகைப் போட்டு மூடறா, எண்ணெய் ஊத்திப் பரிகாரம் பண்றா. எனக்கு ஒண்ணொண்ணா சேந்துடுச்சு.

ஃபெலேதி ஒத்துக்கல. "பாவம்டி அவ. எதுனாலும் நீ தனியா போய்க் கேளேன்."

"நான் கேட்டா மழுப்புவா. நீங்க கூட வந்து நின்னாத்தான் வழிக்கு வருவா."

அதுல அர்த்தம் இருக்கு. மாமன் வீட்டுல அத்தை மகன் கையை வெச்சா தடுக்க ஆள் கிடையாது, எங்க வழக்கம் அப்படி. பன்னியைப் பிடிச்சுட்டுப் போனாலும் பாயைச் சுருட்டிட்டுப் போனாலும் சிரிச்சுக்கிட்டே கொடுத்துடணும். அந்த உரிமை அவருக்குத்தான், எனக்கில்ல. "பத்தடி தள்ளி நில்லுங்க, வாயே திறக்க வேண்டாம், நின்னா போதும்"னு சொல்லி, மரியாதைக்கு எங்க வழக்கப்படி இடுப்புல பாயைக் கட்டவெச்சுக் கூட்டிட்டுப் போனேன்.

லவீனியா வாசல்ல இலை வடிச்சுக்கிட்டு இருந்தா. அண்ணனைப் பாத்ததும் எந்திரிச்சுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"உங்க அண்ணனுக்கு அந்த மேற்கு வரிசை வேணும்"னேன். "வெட்டி, வேரோட எடுத்துட்டு, நாளைக்கு மாமியார் குழியைத் திறக்கப் போறோம்."

அவ மூஞ்சி வெளுத்துடுச்சு. "குழியைத் திறந்து பாத்துக்குங்க அண்ணி. இந்த நாலை மட்டும் விட்டுடுங்க."

"ஏன்?"

ஃபெலேதி நின்ன பக்கம் ஒரு தடவை பாத்தா. பாத்துட்டு மண்ணைப் பாத்தா. "மத்த பதினாலையும் வெட்டிக்குங்க. இன்னிக்கே வெட்டிக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"மருந்துச் செடியை வெட்டலாம், வெறும் செடியை வெட்டக் கூடாதா? அதுல என்ன இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லேன்."

எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு சொன்ன கதைதான்னு நினைச்சேன். "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது பாருங்க"ன்னு ஃபெலேதிகிட்ட அவ காதுபடவே சொன்னேன். அவ உள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டா.

கத்தியை நான்தான் பிடிச்சேன். நாலையும் கணுக்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்ச்சேன். அவ்வளவு வருஷத்துக் கட்டை, கையெல்லாம் கொப்புளம். பூ எல்லாம் சருகு மேல கொட்டுச்சு. அவ வாசலுக்குக் கிட்ட இருந்த முதல் செடியோட வேரை ஃபெலேதி மண்வெட்டியால நெம்பி, ரெண்டு கையால இழுத்து எடுத்தார். மண்ணோட சேந்து கறுப்புக் கூழாங்கல்லு தெறிச்சுது.

"அம்மா சமாதியில இருந்து உருண்டு வந்திருக்கும்"னார்.

நான் ரெண்டாவது கட்டையைச் சுத்தி இருந்த சருகைத் தள்ளினேன். அங்கயும் கறுப்புக் கூழாங்கல். உருண்டு வந்து கிடக்கல. ஓரத்துல வெள்ளைப் பவளக்கல்லை அணைச்சு, நடுவுல நெருக்கமா பரப்பி, எண்ணெய் தடவிப் பளபளன்னு இருந்துச்சு. தூரத்துத் தீவுல இருந்து படகுல வர்ற கல்லு அது. சமாதிக்குத் தவிர வேற எதுக்கும் யாரும் வாங்க மாட்டாங்க. நீளம் ரெண்டு சாண். மூணாவது செடியிலயும் அதே ரெண்டு சாண். நாலாவது கொஞ்சம் பெருசு.

ஃபெலேதி மண்வெட்டியைக் கீழ வெச்சார். என்னையும் பாக்கல, அந்த வீட்டையும் பாக்கல. திரும்பி, வேலியைத் தாண்டி நடந்து போயிட்டார். அண்ணன்காரன் அதுக்கு மேல அங்க நிக்க முடியாது.

நான் போய் கதவைத் தட்டினேன். அவ பாயில உக்காந்திருந்தா.

"ஏன்டி சொல்லல?"

"அண்ணன் நின்னுக்கிட்டு இருந்தாரே அண்ணி."

"நாலும் தங்கல. மூணு வயித்துலயே போச்சு. கடைசி ஒரு ராத்திரி இருந்துச்சு, என் விரலைப் பிடிச்சுது. அதுக்கப்புறம்தான் அவரு ஆக்லாந்துக்குப் போனது. பிரசவம் பாத்த மருத்துவச்சி செத்துப்போயிட்டாங்க, தெரிஞ்ச வேற ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டாங்க. நீங்க தனியா வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள் கேட்டிருந்தாக்கூட."

"அதுல இலை பறிக்காதது..."

"அதுங்க தலையில இருந்து பிச்சு அடுத்தவங்க பிள்ளைக்கு எப்படிக் கொடுக்கறது?"

நான் பேயா பொறந்திருக்கலாம்னு தோணுச்சு. பேய்க்காவது வெக்கம் கிடையாது. அவ முன்னாடி உக்காந்து அழுதேன், அவ என்னைத் தொடவும் இல்ல, போகச் சொல்லவும் இல்ல. "மிச்ச மூணோட வேரைத் தோண்டலையே?"ன்னு மட்டும் கேட்டா.

"இல்ல."

"அப்ப மழை பெய்யட்டும்."

மாமியார் குழியை நாங்க திறக்கல. மறுநாள் டவுன் ஆஸ்பத்திரியில ஃபெலேதி கையில பட்டையைச் சுத்திப் பாத்துட்டு, நர்ஸ் இன்னொரு தடவை சுத்திப் பாத்தா. இவ்வளவு பிரஷரை வெச்சுக்கிட்டு நடந்தா வந்தீங்கன்னு கேட்டா. இப்ப தினம் மாத்திரை, உப்புக்கறி கிடையாது. தலைவலி விட்டுடுச்சு. லவீனியா இன்னும் என்னை அண்ணின்னுதான் கூப்பிடறா, மழை வருதுன்னு சொல்லியனுப்பறா. வேலிக்கு அந்தப் பக்கமே நின்னு சொல்லிட்டுப் போயிடுவா.

மழை வந்து மூணாவது வாரம் கட்டைங்க துளிர்த்துச்சு. மூணு மட்டும். வேரைப் பிடுங்கின இடத்துல நானே கொம்பு நறுக்கிச் சாய்ச்சு நட்டேன், மட்டை சாத்தினேன், எரு போட்டேன். கருகிடுச்சு. மறுபடி நட்டேன், அதுவும் கருகிடுச்சு. இதோட நாலு தடவை. லவீனியா அவ வாசல்ல இருந்து பாத்துக்கிட்டு இருப்பா, வேண்டாம்னும் சொல்ல மாட்டா. பிள்ளைங்க ஒண்ணொண்ணா போகப் போக, அவ வாசல்ல இருந்து வரிசையா நட்டுக்கிட்டு வந்திருக்கா. நாங்க பிடுங்கினது முதல் செடி, அவளோட மூத்த பிள்ளை.