ஆணியில்லாத மரப்பின்னல்

பண்டாரவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் எனக்குத் தச்சு வேலை; எங்கள் பக்கம் தச்சனை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடித்து அடித்தே கை காய்த்துப் போனவன் நான். எழுபதுகளில் ஒருநாள், மலைக்குக் கீழே பதுளையில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி என்னைக் கூப்பிட்டு, இங்கிலாந்துக்கே திரும்பிய தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியதென்று ஒரு ஜப்பான் மரப்பின்னலைக் காட்டினார். கண்ணாடி அலமாரியில், பின்னால் பல்பு எரிய, அழகுக்காக மாட்டியிருந்தார். தீக்குச்சியைவிடச் சற்றே தடித்த சட்டங்கள். அவற்றுக்குள் சின்னத் துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கி, நட்சத்திரம் நட்சத்திரமாக நின்றன. கழற்றிப் புரட்டிப் பார்த்தேன். ஆணி இல்லை, பசையும் இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இதுக்கு ஜோடியா ஒண்ணு செய்ய ஏலுமா பாஸ்?"

எனக்கு வாய்க்கொழுப்பு. கடையிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்க, "ஒரு ஆணி இல்லாம செஞ்சு தாறேன் முதலாளி" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு துண்டும் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. பதுளைக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டுத் தலைகால் புரியாமல் திரும்பினேன். மறுநாளே பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டார் முதலாளி. போனால், என் நட்சத்திரங்கள் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன.

"பொலபொலன்னு கொட்டுது பாஸ். ஆணிய அடிச்சிருங்க, யாரு பார்க்கப் போறாங்க?"

சுத்தியலை எடுத்தேன். பக்கத்தில் ஜப்பான்காரன் செய்தது இம்மியும் அசையாமல் நின்றது. அதற்குப் பக்கத்தில் ஆணி அடிக்கக் கை வரவில்லை. எங்கள் மலையில் பாதி நாள் பனிமூட்டம். ஈரத்தில் ஊதியிருந்த மரத்தை அளந்து வெட்டிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பதுளை வெயிலிலும் பல்பு சூட்டிலும் அது சுருங்கிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் நிற்கும்படி மரத்தை முன்கூட்டியே காயவைத்த அந்த மனுஷனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"இன்னொரு தடவ செய்றேன் முதலாளி."

"செய்ங்க. இனியும் விழுந்தா நானே ஆணி அடிச்சிருவேன்."

தேயிலை காயவைக்கும் ஸ்டோரில், அடுப்புச் சூடு படும் இடத்தில் புது மரத்தை ஒரு மாதம் போட்டுவைத்தேன். இனிச் சுருங்காது என்றான பிறகுதான் மரம் அறுக்கும் வாளைத் தொட்டேன்.

திரும்ப மாட்டிய அன்று நான் கடையை விட்டு நகரவில்லை. பல்பைப் போடச் சொல்லி, பின்னலுக்குக் கீழே உள்ளங்கையைக் குழித்துப் பிடித்தபடி நின்றேன். சேலை வாங்க வந்தவர்கள் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள். சாப்பிடவும் போகவில்லை. அந்தியில் முதலாளி சாவியோடு வந்தார்.

"கைய எடுங்க பாஸ், கட பூட்டணும்."

எடுத்து விரித்துப் பார்த்தேன். ஒரு துண்டுகூட இல்லை. கடையில் வேலை செய்கிற அத்தனை பேரும் பார்க்க, பெட்டிக்கு ஆணி அடிக்கிறவனுக்கு அழுகை வந்துவிட்டது.