சுண்ணாம்புத் தரையில் ஒரு குழி

எங்கள் கிணற்றடியின் சுண்ணாம்புத் தரையில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு குழி இருக்கிறது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரியாக இருந்த என் தம்பியை நினைத்தால், அவன் முகத்துக்கு முன்னால் அந்தக் குழிதான் வந்து நிற்கிறது.

என் மகளின் பற்களில் சிறு வயதிலிருந்தே பழுப்புக் கறை. எங்கள் தெருப் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான். வேப்பங்குச்சி, உப்பு, உமிக்கரி எதற்கும் அது அசையவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வேக்காரர் குடும்பம் ஒன்று பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்ததும், தாய்மாமனான அவன் ஒரு சிறு சீசாவோடு வந்தான். குச்சியில் பஞ்சைச் சுற்றி, அதில் தொட்டுப் பல்லைத் துடைக்கச் சொன்னான். உள்ளே இருப்பது என்ன என்று கேட்டேன். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்கா. போலீசுல சேந்திருக்கணும் நீ" என்றான். மகளும் அவனோடு சேர்ந்து சிரித்தாள்.

சில நாட்களில் பற்கள் வெளுத்துவிட்டன. வீடே மகிழ்ந்தது. எனக்கு மட்டும் அந்த வெளுப்பு பிடிக்கவில்லை. பல்லுக்குரிய பளபளப்பு அதில் இல்லை. சுவருக்கு அடித்த வெள்ளை போல இருந்தது. வருஷக்கணக்காகப் போகாத கறை இத்தனை சுலபமாகப் போகிறதென்றால், அதோடு வேறென்ன போகிறது என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. அவள் தூங்கும்போதுகூட உதட்டை விலக்கிப் பார்த்தேன்.

ஒரு காலையில் வாய் கொப்பளித்தவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "தண்ணி பட்டாலே கூசுதும்மா." நான் சீசாவை எடுத்து வந்து தரையில் ஒரு சொட்டு விட்டேன். அது சீறி நுரைத்தது. நுரை அடங்கியபோது தரை அரித்துக் குழிந்திருந்தது.

தம்பியை வரவழைத்து, அவன் கண்ணெதிரே அதே இடத்தில் இன்னொரு சொட்டு விட்டேன். "தோலுல கறை வுழுந்தா இந்தத் திராவகத்ததான் போடுவோம். தண்ணி ஜாஸ்தியா கலந்துதான் குடுத்தன்கா" என்றான், வாய்க்குள்ளேயே.

"அது செத்த மாட்டுத் தோலுடா."

அவன் சீசாவை எடுத்துக்கொண்டு போனான்.

வேலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, அந்தக் கறை குடிதண்ணீரால் பல்லுக்குள்ளேயே ஊறியது, தேய்த்துப் போகாது என்றார். கரைந்துபோன மேல்பூச்சு இனி வளராதாம். கரியும் செங்கல்பொடியும் வேண்டாம், மெத்தென மென்ற வேப்பங்குச்சியே போதும் என்றார்.

மகளுக்குக் கல்யாணம் அந்த ஜோலார்பேட்டைக் குடும்பத்திலேயே நடந்தது. ஆனால் வெதுவெதுப்பான நீர்தான் குடிக்கிறாள். சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்கிறாள். போன வாரம் தன் குழந்தைக்கென்று கடையில் ஒரு பல்பொடிப் பொட்டலம் வாங்கி வந்தாள். அவளே கொஞ்சம் பொடியை நீரில் குழைத்து, கிணற்றடிக்குப் போய், அந்தக் குழிக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டாள். நானும் போய் அவளருகில் குந்தினேன். இருவரும் மூச்சடக்கித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.